ஒரு கொதியும் முழுக் கொதியும்

போன வாரம் பிரேம் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு கும்மிடிப்பூண்டி பரிசோதனைக் கூடத்தில் என் மேசைக்கு வந்திருப்பவன். சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல் நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, இங்க புது கேமரா வந்துக்குது. முட்டைய கீழ வெச்சா போதும், ரத்தக்குழாய் எத்தினின்னு அதுவே எண்ணி சொல்லிடுது. பழைய செய்முறை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினு இருக்கோம். அதுல ஒரு டவுட்டு. நொதிய கொதிக்க வெச்சு சாவடிச்சு ஒரு கண்ட்ரோல் போடறது சரி. நீங்க இன்னாத்துக்கு ரெண்டு போட்டுக்கிறீங்க? 'ஒரு கொதி'ன்னு ஒண்ணு, 'முழுக் கொதி'ன்னு ஒண்ணு. ஒண்ண தூக்கிடலாமான்னு மேல கேக்குறாங்க."

"தூக்கினா வந்து கைய ஒடைப்பேன்" என்றேன்.

சிரித்தான். காரணம் கேட்டான். அடுப்பில் பால் இருந்தது, அதோடு இது போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்காக எழுத ஆரம்பித்தது இது. ஆனால் எழுத எழுத எனக்காகத்தான் எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது. அவ்வளவு ஆசையாக இருக்கிறது அந்த முட்டைகளை மறுபடி நினைக்க.

என் ஊர் ஆரணிக்குப் பக்கம், பட்டுச்சேலை ஆரணி இல்லை, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆரணி. வீட்டில் சொந்த நெல் வயல், சோற்றுக்குப் பஞ்சமில்லை. பெண் பிள்ளை பஸ் ஏறி வேலைக்குப் போவதில்தான் பஞ்சாயத்து இருந்தது. விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு, போய்த்தான் தொலையட்டும் என்று அப்பா ஒருநாள் சொன்னார். அந்தத் 'தொலையட்டும்'தான் எனக்குக் கிடைத்த ஆசீர்வாதம். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன், கழுவியதைக் காயவைத்தேன், காய்ந்தது சரியில்லை என்று திட்டு வாங்கி மறுபடி கழுவினேன்.

மருந்துக் கம்பெனிகள் தங்கள் சரக்கை எங்களிடம் அனுப்பும். சொன்ன வேலையை அது செய்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். கூடத்தைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகள். காலையில் துடைத்த ஜன்னல் திட்டில் மதியம் விரலை வைத்தால் கருப்பாகும். அந்தக் கரிக்கு நடுவே ஒரு குளிர்ந்த அறை, அதற்குள் ஒரு கதகதப்பான பெட்டி, பெட்டிக்குள் வரிசையாகக் கோழி முட்டைகள். முதல்முறை பார்த்தபோது கேன்டீனுக்கு வந்த முட்டையைத் தவறாக இங்கே வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் சபாபதி சார். ஆர்.கே.பேட்டைக்காரர், டாக்டர் பட்டம் வாங்கியவர். வீடு சென்னையில், மனைவிக்கும் அங்கேதான் வேலை. இவர் மட்டும் கும்மிடிப்பூண்டியில் ஒரு போர்ஷன் எடுத்துத் தங்கியிருந்தார். கேன்டீன் சாப்பாடு அவருக்கு ஆகாது. சாதம் கொண்டுவருவார், ரசத்தை மட்டும் மதியம் பேன்ட்ரியிலிருக்கும் மின் அடுப்பில் அவரே வைப்பார். பக்கத்தில் யார் நின்றாலும் அவர்களுக்கு வகுப்பு நடக்கும். "நொர கட்டுச்சா? எறக்கு. அதுக்கு மேல வுட்டா அது ரசம் இல்ல, கஷாயம்." ஆய்வுக்கூடத்திலும் அவர் பாஷை அப்படியே சமையல்கட்டுப் பாஷைதான். உப்புக் கரைசலை 'ஒரு சிட்டிகை' கூட்டச் சொல்வார். கலங்கலாக இருந்தால் 'தெளிவு வாங்கு' என்பார். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் செய்முறை அலமாரியில் பத்திரமாக இருக்கும். எங்கள் காதுக்கு வருவது இதுதான்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. நீங்கள் எதைப் போய்ச் சொன்னாலும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார்: "பாத்தியா, நெனச்சியா?"

ஒருமுறை, மருந்து வைத்த முட்டையில் குழாய் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அதே கேள்வி. பார்த்தேன் சார் என்றேன். எழுந்து வந்து, முட்டைகளின் அடையாளத்தை எல்லாம் பிளாஸ்திரி போட்டு மறைத்து, இடம் மாற்றி வைத்து, இப்போது சொல் என்றார். அதே முட்டையை இந்தமுறை சுமார் என்று சொன்னேன். "மருந்துன்னு எழுதிக்கிறத படிச்சிட்டு உன் கண்ணு வளத்துச்சு, முட்ட வளக்கல" என்றார். அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் அடையாளத்தை மறைக்காமல் ஒரு முட்டையும் யார் கண்ணுக்கும் போனதில்லை.

செய்முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களும் படிக்கலாம். இது கடை முட்டையில் ஆகாது, சேவல் சேர்ந்த கரு முட்டையாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் சில நாள் அடைகாத்த பிறகு ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுப்போம். உள்ளே இருக்கும் சவ்வு ஓட்டிலிருந்து விலகிக் கீழே இறங்கிவிடும். பிறகு ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, ஒட்டு நாடாவால் மூடி, மறுபடி பெட்டிக்குள். அடுத்துத் திறக்கும்போது அந்தச் சவ்வு முழுக்க ரத்தக்குழாய் பின்னிக் கிடக்கும். நடுவில் கடுகளவு இதயம் துடிக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தத் துடிப்பைக் கண்டால் ஒரு நொடி கை நிற்கும் எனக்கு. சோதிக்க வேண்டிய மருந்தை ஒரு வட்டக் காகிதத் துண்டில் ஊறவைத்து அந்தச் சவ்வின்மேல் வைப்போம். பார்க்க ஸ்டிக்கர் பொட்டு மாதிரி இருப்பதால் எங்களுக்கு அது பொட்டு. மருந்துக்கு ரத்தக்குழாயை வளர்க்கும் குணம் இருந்தால், சில நாளில் சுற்றியுள்ள குழாய்கள் கிளைவிட்டுப் பொட்டைப் பார்த்து ஓடி வரும். இல்லாவிட்டால் அவை பாட்டுக்கு அவை வழியில் போகும்.

யார் கூப்பிட்டு அவை வருகின்றன? இந்தக் கேள்விதான் என்னை அந்த வேலையில் கட்டிப்போட்டது. சபாபதி சாரிடம் கேட்டேன். கேள்வி கேட்டால் அவருக்குப் பசி மறந்துவிடும்.

"வளர வைக்கிற சரக்குக்கு வளர்ச்சிக் காரணின்னு பேரு. அது எங்கியோ வெளிய இருந்து வர்றதில்லமா. செல்லுக்கு வெளிய இருக்கிற வலையிலயே ஏற்கெனவே கெடக்குது. ஆனா கட்டிப் போட்டு வெச்சிக்குது. கொட்டாயில கட்டின மாடு மாதிரி. மாடு இருக்குது, ஆனா வயலுக்கு வராது. கயித்த அறுத்து வுட ஒருத்தன் வேணும். அந்த அரிவாதான் நொதி."

"அப்ப நொதிய நெறைய ஊத்தினா நெறைய வளருமா சார்?"

"ஊத்திப் பாரு. என்னாண்ட கேக்காத."

ஊற்றிப் பார்த்தேன். கொஞ்சம் வைத்த முட்டையில் குழாய்கள் பொட்டைத் தேடி வந்திருந்தன. நிறைய வைத்த முட்டையில் பொட்டைச் சுற்றி வெறும் வெளுப்பு, அங்கங்கே ரத்தக் கசிவு. ஏமாந்து போய் அவரிடம் காட்டினேன். அவருக்கோ ஒரே குஷி. "கயித்த அறுத்த அரிவா அதோட நிக்கலன்னா? மாட்டையும் வெட்டும், கொட்டாயையும் வெட்டும்" என்றார். காரணியைக் கட்டவிழ்ப்பதும் நொதி, மிஞ்சினால் அந்தக் காரணியையே நறுக்கிப் போடுவதும் நொதி. இன்னும் உள்ளே போனால், காரணி வந்து செல்லின் கதவைத் தட்டியதும் அந்தச் சேதியை உள்ளே அனுப்பும் நொதி ஒன்று, வளர்ந்தது போதும் என்று அதை அணைக்கும் நொதி வேறொன்று. ஒரு குழாய் முளைப்பதற்கு இத்தனை பேர் காவலா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால், காவல் இல்லாவிட்டால் உடம்பு முழுக்கக் கண்டபடி குழாய் வளர்ந்து தொலையும். புற்றுக்கட்டி செய்வதே அதுதான் என்றார் சார்.

ஸ்டெல்லா வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. ஒப்பந்த ஊழியர். அவள் தாத்தா பாட்டி எங்களைப் போன்றவர்கள் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அப்பா ரோலிங் மில்லுக்குப் போனார். அங்கே கை வெந்து வேலைக்கு லாயக்கில்லாமல் வீட்டோடு இருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நேர்த்தி. நான் ஜன்னல் வெட்டும் முட்டைகளில் ஒன்றிரண்டு எப்போதும் ஓட்டுத்தூள் விழுந்து வீணாகும். அவள் வெட்டினால் தூள் விழாது. ஓட்டில் முதலில் ஒட்டு நாடாவை ஒட்டி, நாடாவோடு சேர்த்து வெட்டுவாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "ஓட்ட போடற எடத்துல பிளாஸ்திரி ஒட்டினா தெறிக்காது அக்கா, செவுத்துல ஆணி அடிக்கறதில்லயா" என்றாள். வருட முடிவில் அவளை நிரந்தரமாக்க சாரே பெயர் கொடுத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் அந்தக் களிம்பு வந்தது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணில் தடவ ஒரு கம்பெனி செய்தது. மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்த ஒரு நொதி அதன் சரக்கு. அந்த நொதி புண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கும் வளர்ச்சிக் காரணியை அவிழ்த்துவிடும், புதுக் குழாய் வளரும், புண் ஆறும் என்பது கம்பெனியின் பேச்சு. அது மெய்யா என்று நாங்கள் பார்க்க வேண்டும். பச்சை நொதி வைத்த முட்டையில் குழாய் வளர வேண்டும். அதே நொதியைக் கொதிக்க வைத்துக் கொன்று வைத்தால் வளரக் கூடாது. இரண்டாவதுதான் கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது. செத்த நொதியிலும் வளர்ந்தால், வளர்த்தது நொதி இல்லை என்று ஆகிவிடும்.

ஒரு கை செய்ததை இன்னொரு கையும் செய்து சரிபார்ப்பது வழக்கம். நான் ஒரு தட்டு முட்டை, ஸ்டெல்லா ஒரு தட்டு. அவரவர் டியூபை அவரவரே கொதிக்க வைத்து, அவரவரே பொட்டு வைத்தோம். அடையாளத்தை மறைத்து சார் எண்ணினார். என் தட்டில் எல்லாம் ஒழுங்கு: பச்சையில் வளர்ச்சி, கொதித்ததில் ஒன்றுமில்லை. ஸ்டெல்லா தட்டில் பச்சையிலும் வளர்ச்சி, கொதித்ததிலும் வளர்ச்சி. அதிலும் கொதித்ததில் ஒரு படி கூடுதல்.

மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அப்படியே வந்தது. அன்றைக்குப் பார்த்து கம்பெனியிலிருந்து ஒருவர் மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். டை கட்டிய ஆள், நல்ல அவசரத்தில் இருந்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவங்க பச்சை டியூபையும் கொதிச்ச டியூபையும் மாத்தி வெச்சிருக்காங்க சார். இதை எடுத்துட்டு ரிப்போர்ட் குடுங்க" என்றார். சபாபதி சார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு ஸ்டெல்லாவின் தாளில் 'கைப்பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் இடத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். என்னைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு வந்தால் அது வித்தியாசம், காரணம் தேடுவார்கள். ஒப்பந்த ஊழியருக்கு வந்தால் அது பிழை, ஆளை மாற்றுவார்கள். நிரந்தரமாவது இருக்கட்டும், இனி ஒப்பந்தத்தையே நீட்டமாட்டார்கள். ஸ்டெல்லா தாளைப் பார்த்தாள்.

"சார், நான் மாத்தி வெச்சத பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

சார் முகம் சிவந்தது. "ரெண்டு வாட்டி தப்பா வந்துக்குது. அப்புறம் இன்னா பாக்கணும்?" என்றார். "தப்பு ரெண்டு வாட்டியும் ஒரே மாதிரி வருமா சார்?" என்றாள் அவள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, சார்மேல் எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட, உண்மையைச் சொல்கிறேன், மண்டைக்குள் ஒரே குடைச்சல். மாற்றி வைத்திருந்தால் பச்சை என்று பெயர் எழுதிய முட்டையில் வளர்ச்சி இருந்திருக்கக் கூடாது. அதில்தான் இருக்கிறதே! இரண்டிலும் பச்சையையே வைத்தாள் என்றால், கொதித்ததில் மட்டும் எப்படி ஒரு படி கூடும்? ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா நாற்காலி போட்டார். ஸ்டெல்லா உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா அக்கா, சமாதானம் பண்ண அனுப்பினாரா?"

"யாரும் அனுப்பல. எனக்கு ஒண்ணு தெரியணும். நீ எப்டி கொதிக்க வெச்ச? மொதல்லேந்து சொல்லு."

"சார் எப்டி சொன்னாரோ அப்டித்தான். ஒரு கொதி வுட்டு எறக்கினேன்."

"ஒரு கொதின்னா?"

இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். "ஒரு கொதின்னா ஒரு கொதிதான். பச்சத் தண்ணில டியூப நிக்க வெச்சு அடுப்ப போடுவேன். தண்ணி சூடாயி, ஒரு வாட்டி தளதளன்னு வந்ததும் எறக்கிடுவேன். அதுக்கு மேல வுட்டா கெட்டுடும்னு ரசத்துக்கு அந்தக் கத்து கத்துவாரே, நீங்க கேட்டதில்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கொதி என்றால் உலை. வயல்காரர் வீட்டு உலைக்கு ஒரு கொதியெல்லாம் எந்த மூலைக்கு? அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும், சோறு வெந்தால்தான் இறக்குவோம். நான் என்ன செய்வேன் தெரியுமா? தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் டியூபை இறக்கிவிட்டு, பொட்டு வெட்டி, பெயர் ஒட்டி, பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்துதான் எடுப்பேன். சார் சொன்னது ஒரே வார்த்தை. அது அவள் காதில் ரசமாகவும் என் காதில் உலையாகவும் விழுந்திருக்கிறது. வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்திருக்கிறோம், ஒருத்தி கொதியை இன்னொருத்தி நின்று பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப அவ டியூப்ல நொதி அரைகொறையா செத்துக்குது. உயிரோட இருந்தது வேலைய காட்டிச்சு. இதுவும் கைப்பிழைதான், வேற இன்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். "நெனைக்கிறேன்" என்றார் தனக்குத்தானே. எழுந்து ஃப்ரீசரைத் திறந்தார்.

ஸ்டெல்லாவின் டியூபில் மிச்சம் இருந்தது. என்னுடையதிலும் இருந்தது. நொதிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் சுலபமான வழி ஒன்று உண்டு. பாலைக் கலந்து கட்டியாக உறையவைத்த தட்டு. அதில் ஒரு சொட்டு விட்டால், நொதி உயிரோடிருந்தால் பாலைத் தின்று அந்த இடத்தை மட்டும் கண்ணாடி மாதிரித் தெளியவைத்துவிடும். பச்சை நொதியில் ஒரு சொட்டு, என்னுடையதில் ஒரு சொட்டு, அவளுடையதில் ஒரு சொட்டு விட்டு மூடி வைத்தோம். மறுநாள் காலை சார் எனக்கு முன்பே வந்து தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாஷ்டா பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"வா, கோமதி, பாரு. நான் சொல்லமாட்டேன், நீயே பாரு."

பச்சை நொதி விட்ட இடம் தெளிந்திருந்தது. என் சொட்டு விழுந்த இடம் வெள்ளை. ஸ்டெல்லாவின் சொட்டு விழுந்த இடமும் அப்பழுக்கில்லாத வெள்ளை. அவள் நொதியும் செத்துத்தான் போயிருக்கிறது.

"செத்தது எப்டி சார் வேல செய்யும்?"

"அதான் பேஜாரா இருக்குது" என்றார். ஆனால் குரலில் பேஜார் இல்லை, திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். அன்றைக்கு அவர் ரசம் வைக்கவில்லை. பழைய பாடப் புத்தகங்களை இறக்கி மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பிய என்னை வாசலில் மறித்தார்.

"கோமதி, அந்த நொதி எங்கேந்து வந்துச்சு?"

"மாட்டு ரத்தத்துலேந்து."

"ரத்தத்துல வேற இன்னா இருக்குது? ஒரு வளர்ச்சிக் காரணி இருக்குது, மேல ஒரு உறைய சுத்திக்கினு தூங்கும். நொதிய சுத்தமா பிரிக்கலன்னா அதுவும் ஒட்டிக்கினு வரும். உறை இருக்கிற வரிக்கும் அது ஒண்ணும் பண்ணாது. நொதி வந்து உறைய கிழிச்சாதான் முழிக்கும். ஆனா கயித்த அறுக்க அரிவாதான் வேணுமா? நெருப்பு பட்டாலும் கயிறு அறும் இல்ல? கொஞ்சமா சூடு காட்டினா நொதி சாவும், ஆனா உறை கழண்டு காரணி முழிச்சிக்கும். உன்ன மாதிரி வேக வெச்சா காரணியும் சேந்து வெந்துடும்." மூச்சு வாங்கினார். "ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிக்கிறீங்க. நான் கேட்டது ஒண்ணு, நீங்க செஞ்சது ரெண்டு சோதனை."

பஸ் போய்விட்டது. எனக்குக் கவலையே இல்லை.

ஆனால் இதுவும் நினைப்புதானே, பார்க்க வேண்டுமே. அந்தக் காரணியை மட்டும் கவ்விப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்று உண்டு. அதை ஸ்டெல்லாவின் டியூபில் கலந்து வைத்தால், சார் சொல்வது சரியாக இருந்தால், குழாய் வளரக் கூடாது. சென்னையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வரவழைத்தார். மிச்சம் இருந்த டியூபோ பால் தட்டிலேயே தீர்ந்துவிட்டது. புதிதாகக் கொதிக்க வைக்க வேண்டும், அதுவும் அந்த ஒரு கொதியை அவள் கையால்தான் விட வேண்டும். நான் முயன்றேன், எனக்குத் தைரியமாக இறக்க வரவில்லை, கை பாட்டுக்கு உலைக்கே போகிறது. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். வரமாட்டேன் என்றாள். விஷயத்தை முழுசாகச் சொன்னேன்.

"அப்ப என் முட்டைல வளந்தது செத்த நொதி இல்லயா? தூங்கினு இருந்த ஒண்ணா?"

"அப்டித்தான் நெனைக்கிறாரு. நீ வந்தாதான் பாக்க முடியும்."

"வேலைக்கு வரல அக்கா. அத பாக்க வர்றேன்" என்றாள்.

வந்தாள். பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாரிடம் ஒரு வார்த்தை பேசாமல் டியூபைத் தண்ணீரில் நிறுத்தினாள். முதல் தளதளப்பு வந்ததும் இறக்கினாள். பக்கத்திலேயே நின்று நான் என் உலையை வைத்தேன். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டையும் கண்கொட்டாமல் பார்த்தார். பொட்டு வைத்து, பெட்டியில் வைத்து, காத்திருந்து, அடையாளத்தை மறைத்து எண்ணினோம். எண்ணும் நாளுக்கும் அவள் வந்தாள். பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக உரித்தோம். ஒரு கொதி டியூப் வைத்த முட்டைகளில் குழாய்கள் ஓடி வந்து பொட்டை மொய்த்திருந்தன. அதே டியூபில் எதிர்ப்பொருள் கலந்து வைத்தவற்றில் ஒரு கிளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முழுக் கொதியிலும் ஒன்றுமில்லை. அன்றிலிருந்துதான் எங்கள் செய்முறையில் இரண்டு கொதியும்.

டை கட்டியவர் போனில் சண்டை பிடித்தார். எங்கள் நொதி வேலை செய்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். "உங்க சரக்குல வேல செய்யறது ரெண்டு பேரு. யாரு எவ்ளோ செய்யறாங்கன்னு உங்களுக்கே தெரியாது. பிரிச்சு சுத்தம் பண்ணி கொண்டாங்க" என்றார் சார். அந்தக் கம்பெனி அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் பக்கம் வரவில்லை. மேலிடத்தில் சாருக்கு அதற்கு நல்ல கவனிப்பு கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

எண்ணி முடித்த அன்றைக்கே சார் எங்கள் அறை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். ஸ்டெல்லா கதவருகே நின்றாள். கைப்பிழை என்று எழுதிய தாளை எடுத்து, அந்தச் சொல்லை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ஸ்டெல்லா கையில பிழை இல்ல" என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பிழை என் வாயில. ஒரு கொதின்னு சொல்லிட்டு, எவ்ளோன்னு சொல்லாம வுட்டது நானு. உன் பேர திரும்ப குடுத்துக்கிறேன்மா. ஆபீஸ்லயும் பேசிட்டேன். நாளைலேந்து வா."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நான் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளும்மா."

"இதே முட்ட கோமதி அக்கா தட்டுல வந்திருந்தா, கைப்பிழைன்னு எழுதியிருப்பீங்களா?"

சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சமாளிக்க ஆயிரம் வார்த்தை உண்டு, அவருக்குத் தெரியாததா?

"மாட்டேன்" என்றார்.

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். கழுத்திலிருந்த பார்வையாளர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அப்படியே படியிறங்கிப் போயிருப்பேன் அக்கா என்று அன்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்.